டிஸ்ட்ரிபியூட்டர் கியர் திரும்பத் திரும்பத் தேய்கிறதா? அடுத்த கியர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பங்கிடுவது டிஸ்ட்ரிபியூட்டர். அதைச் சுற்றவைக்கும் கியர் ஒரு தடவை தேய்ந்தால், எஞ்சினுக்கு வயசாகிவிட்டது என்று விட்டுவிடலாம். புதுசு போட்டுச் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் பற்கள் மறுபடியும் கத்தி முனை மாதிரி ஆகிவிட்டால், எஞ்சினுக்குள் வேறு எங்கோ கோளாறு இருக்கிறது. எனக்கு இது மூன்றாவது கியரில்தான் உறைத்தது. முதல் இரண்டையும் "மட்டமான சரக்கு" என்று திட்டிக் குப்பையில் போட்டேன். அந்த இரண்டும் கையில் இருந்திருந்தால் காரணம் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

அதனால் முதல் வேலை, பழைய கியரைத் தூக்கி எறியாமல் இருப்பது. துடைத்து, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று மார்க்கரால் குறித்து, ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கீழே சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அதைப் பார்த்துத்தான் முடிவாகும்.

எது எதைச் சுற்றுகிறது

வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டின் மேல் சாய்வாக வெட்டிய பற்கள் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் அடியில் இன்னொரு சாய்பல் கியர் அவற்றோடு குறுக்காகக் கோத்து நிற்கும். பிஸ்டன்கள் சுற்றவைக்கும் முக்கியத் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று, டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரு சுற்று.

இரண்டு தண்டுகளும் குறுக்கே நிற்பதால் ஒரு சங்கடம் உண்டு. இணையாக ஓடும் தண்டுகளில் உள்ள கியர்கள் பல்லின் அகலம் முழுக்கக் கோடாகத் தொட்டுக்கொள்ளும். இங்கே தொடுவது புள்ளி அளவு இடம்தான். அதுவும் உருள்வதைவிட வழுக்குவதே அதிகம். சுமை முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் தேய்த்துக்கொண்டே போகும். எண்ணெய் கொஞ்சம் குறைந்தாலும், இரண்டு உலோகங்களும் ஒத்துப்போகாவிட்டாலும் இந்த ஜோடி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் தலையில் சுற்றி மின்சாரத்தைப் பங்கிடும் ரோட்டரை மட்டும் சுற்றுவதென்றால் இந்தக் கியருக்குப் பெரிய பாரமே இல்லை. பல எஞ்சின்களில் அதே தண்டின் அடிமுனைதான் ஆயில் பம்பையும் சுற்றுகிறது. 1955-ல் வந்த செவ்ரோலெட் ஸ்மால் பிளாக் வி8 அப்படித்தான். ஃபோர்டின் 302 வி8-ம் அப்படித்தான். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் காற்றால் குளிரும் எஞ்சினில் ஏற்பாடு வேறு. அங்கே டிஸ்ட்ரிபியூட்டருக்கு கிராங்க் மேல் ஒரு பித்தளைக் கியர். பம்பை கேம்ஷாஃப்ட்டின் முனை நேராகச் சுற்றுகிறது.

உங்கள் எஞ்சின் எந்த வகை என்று சர்வீஸ் மேனுவலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பம்ப் அதே தண்டில் இருந்தால் முதல் சந்தேகம் பம்ப் மேல். இல்லாவிட்டால் உலோகப் பொருத்தம், உட்காரும் உயரம், எண்ணெய் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாத சில வி6 எஞ்சின்களில் அது நிற்க வேண்டிய ஓட்டையில் கேம் சென்சாரைச் சுற்றும் ஒரு தண்டு இருக்கும். அதன் அடியிலும் இதே மாதிரிக் கியர்தான். இந்தக் கட்டுரையில் வருவது பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

கழற்றுவதற்கு முன்

ஒரு தாளை எடுத்து, முதல் கியர் தேயத் தொடங்குவதற்கு முன் எஞ்சினில் என்னவெல்லாம் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். பம்ப் மாற்றினீர்களா? கேம் மாற்றினீர்களா? ஹெட்டையோ பிளாக்கையோ மெஷினில் கொடுத்துச் சீவினார்களா? வேறு டிஸ்ட்ரிபியூட்டரா? இன்னும் கெட்டியான ஆயிலா? வருஷக்கணக்கில் ஒழுங்காக ஓடிய எஞ்சின் திடீரென்று கியரைத் தின்னத் தொடங்கினால், விடை அநேகமாக அந்தத் தாளிலேயே இருக்கும்.

அப்புறம் டைமிங் லைட், அதாவது பிளக் பற்றும் நேரத்தைப் பார்க்க உதவும் மின்னும் விளக்கு. ஐடிலில் பிடித்துப் பாருங்கள். டைமிங் குறி ஒரே இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் துள்ளினால் கியரில் ஆட்டம் இருக்கலாம். டைமிங் செயின் தொய்ந்திருந்தாலும் குறி துள்ளும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

எஞ்சினை அணைத்து, கேப்பைக் கழற்றி, ரோட்டரைக் கையால் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். புதியவர்கள் பலர் ஏமாறும் இடம் இது. ரோட்டர் ஒரு பக்கம் திரும்பி, விட்டதும் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்குத் திரும்பினால், அது வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முன்னே தள்ளும் சென்ட்ரிஃபியூகல் அட்வான்ஸின் வேலை; அப்படித்தான் இருக்க வேண்டும். ஸ்பிரிங் இழுப்பே இல்லாமல் 'டிக் டிக்' என்று இரண்டு பக்கமும் தளர்ந்து ஆடுவதுதான் கியரின் ஆட்டம்.

அந்த ஆட்டம் டைமிங்கை எவ்வளவு கெடுக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கியரின் ஆரம் 15 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பல்லில் அரை மி.மீ. தேய்ந்தால் டிஸ்ட்ரிபியூட்டரில் சுமார் 1.9 டிகிரி ஆட்டம். கிராங்க் இரட்டை வேகத்தில் சுற்றுவதால் அங்கே அது 3.8 டிகிரி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தேய்மானம் டைமிங் லைட்டில் பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

வெளியே எடுப்பது

முதல் சிலிண்டரை கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் டாப் டெட் சென்டருக்குக் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) கொண்டுவாருங்கள். ரோட்டர் எங்கே பார்க்கிறது என்று டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பிலும், உடம்பு எங்கே பார்க்கிறது என்று எஞ்சினிலும் குறி போடுங்கள். கிளாம்ப் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கும்போது, பற்கள் சாய்ந்திருப்பதால் ரோட்டர் கொஞ்சம் திரும்பிக்கொண்டே வரும். முழுதாக விடுபட்ட இடத்தில் இரண்டாவது குறி. திரும்பப் போடும்போது இந்த இரண்டாவது குறியில் தொடங்கி இறக்கினால் முதல் குறியில் வந்து உட்காரும்.

மெதுவாகத் தூக்குங்கள். பம்பைச் சுற்றும் நடுத்தண்டு சில எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டரோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்து, பாதியில் கழன்று, அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் விழும். அப்புறம் சம்ப்பைக் கழற்றாமல் முடியாது. வெளியே எடுத்ததும் ஓட்டையை ஒரு சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள்.

தேய்ந்த கியரைப் படிப்பது

பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவி, நல்ல வெளிச்சத்தில் பல் பல்லாகப் பாருங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. ஒழுங்காக ஓடிய கியரில் ஒவ்வொரு பல்லின் ஒரு பக்கத்திலும், ஏறக்குறைய நடுவில், ஒரு சின்னப் பளபளப்பு இருக்கும். மறுபக்கம் மங்கலாகவே இருக்கும், ஏனென்றால் பாரம் எப்போதும் ஒரே பக்கத்தில்தான் விழுகிறது.

எல்லாப் பற்களும் ஒரே அளவில் மெலிந்து, நுனி கூராகி, தேய்ந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால், காரணம் எல்லாப் பற்களையும் சமமாகத் தொடுகிற ஒன்று. ஆயில் போதவில்லை, பம்ப் பாரம் அதிகம், இல்லை உலோகம் ஒத்துப்போகவில்லை. வழவழப்புக்குப் பதிலாகப் பிய்த்தெடுத்த மாதிரி சொரசொரப்பும் கோடுகளும் இருந்தால், இரண்டு உலோகங்களும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்திருக்கின்றன. அப்போது எண்ணெயையும் உலோகப் பொருத்தத்தையும் முதலில் பாருங்கள்.

பளபளப்பு பல்லின் நடுவில் இல்லாமல் மேல் ஓரத்திலோ கீழ் ஓரத்திலோ போய்த் தங்கியிருந்தால், கியர் சரியான உயரத்தில் நிற்கவில்லை. பல்லின் இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தால் ஏதோ ஒன்று கியரை முன்னும் பின்னும் உதைக்கிறது. கேம்ஷாஃப்ட் நீளவாக்கில் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். பல் உடைந்திருந்தாலோ, கியரைத் தண்டோடு பூட்டும் பின் அறுந்திருந்தாலோ, பம்புக்குள் ஏதாவது துண்டு சிக்கி ஒரு நொடி பூட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஒரு தடயம். நாலைந்து பற்கள் மட்டும் ஆழமாகத் தேய்ந்து, எதிர்ப்பக்கப் பற்கள் பரவாயில்லாமல் இருக்கின்றனவா?

கேம் கியரிலும் டிஸ்ட்ரிபியூட்டர் கியரிலும் ஒரே எண்ணிக்கையில் பற்கள். ஸ்மால் பிளாக்கில் டிஸ்ட்ரிபியூட்டர் கியருக்கு 13 பல். சுற்றும் விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்பதால், கேமின் ஒரு பல் வாழ்நாள் முழுக்க டிஸ்ட்ரிபியூட்டரின் அதே பல்லைத்தான் சந்திக்கும். ஜோடி மாறவே மாறாது. பல் எண்ணிக்கை வேறுபடும் மற்ற கியர்களில் ஜோடி மாறி மாறி வருவதால் தேய்மானம் எல்லாவற்றுக்கும் பங்கிடப்படும். இங்கே அந்தச் சலுகை இல்லை. அடியில் உள்ள பம்பும் அதே தண்டில், அதே வேகத்தில் சுற்றுகிறது. பம்பின் ஒரு சுற்றில் ஓர் இடத்தில் மட்டும் இறுக்கம் இருந்தால், அந்த இறுக்கம் ஒவ்வொரு சுற்றிலும் அதே நாலைந்து பற்களின் தலையில்தான் விழும். ஆக, நாலைந்து பற்கள் மட்டும் தேய்ந்த கியரைப் பார்த்தால் மூன்று கேள்விகள்: பம்ப் ஓர் இடத்தில் இறுகுகிறதா? டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு வளைந்திருக்கிறதா? கேம் பக்கத்தில் அந்தப் பற்கள் ஏற்கெனவே கெட்டிருக்கின்றனவா?

தண்டின் வளைவை டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியே தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் தண்டைத் தாங்கும் புஷ் போய்விட்டது. புஷ் போன டிஸ்ட்ரிபியூட்டருக்கு எவ்வளவு நல்ல கியர் போட்டாலும் வீண்.

கேம் பக்கத்துப் பற்கள்

துணியை எடுத்துவிட்டு, ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வளைந்து நுழையும் சின்ன கேமரா இருந்தால் இன்னும் வசதி. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றி, கேமின் எல்லாப் பற்களையும் ஒரு முறை கண்ணுக்கு முன் கொண்டுவாருங்கள். முழுச் சுற்றுக்கு கிராங்க்கை இரண்டு சுற்று சுற்ற வேண்டும்.

விரல் நகத்தில் தட்டுப்படுகிற படியோ, நுனி கூர்மையோ, பிய்ந்த தடமோ இருந்தால் அந்த கேம் புதுக் கியரையும் தின்றுவிடும். இங்கே மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். கேம் மாற்றுவது பெரிய வேலைதான், செலவும்தான். ஆனால் கெட்ட பல்லோடு புதுப் பல்லைக் கோத்துவிட்டு மற்றக் காரணங்களைத் தேடுவது நேர விரயம். நீங்கள் என்ன திருத்தினாலும் மறுபடி தேயத்தான் போகிறது, எது உண்மையான காரணம் என்று கடைசி வரை தெரியாது.

பம்ப் எவ்வளவு பாரம் கொடுக்கிறது

பெரிய பம்ப் போட்டால் எஞ்சினுக்கு நல்லது என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. அதிக ஆயில் தள்ளும் பம்பையும், அதிக அழுத்தத்துக்காக ஸ்பிரிங் மாற்றிய பம்பையும் சுற்றுவதற்கான பலம் முழுக்க அந்தப் புள்ளி அளவு தொடுகையின் வழியாகத்தான் போக வேண்டும். அதோடு 20டபிள்யூ-50 மாதிரிக் கெட்டி ஆயிலை ஊற்றி, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், கியருக்கு அதைவிடக் கஷ்டமான நேரம் இல்லை.

சூடான எஞ்சினில் ஒவ்வொரு 1000 ஆர்.பி.எம்.-க்கும் 10 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருந்தால் போதும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. உங்கள் எஞ்சினின் மேனுவல் வேறு சொன்னால் மேனுவல் சொல்வதே சரி. மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைப் பூட்டி, குளிரிலும் சூட்டிலும் அளந்து எழுதுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் முள் எகிறி, எஞ்சின் சூடாகும்வரை இறங்காமல் நின்றால், அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் பம்பின் ரிலீஃப் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பம்பைக் கழற்றும் வாய்ப்பிருந்தால், ஆயில் ஊற்றிக் கையால் முழுச் சுற்று சுற்றுங்கள். சீராகப் போக வேண்டும். ஓர் இடத்தில் பிடித்து விடுகிறதென்றால் மேலே சொன்ன நாலைந்து பல் கதை அங்கே முடிகிறது. ரிலீஃப் வால்வின் பிஸ்டனை அழுத்தினால் ஸ்பிரிங்கோடு உள்ளே போய்த் தடையில்லாமல் திரும்ப வேண்டும். பம்பைத் திரும்பப் பூட்டியதும் நடுத்தண்டைக் கையில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். போல்ட்டைத் தளர்த்தினால் சுலபமாகவும் முறுக்கினால் இறுக்கமாகவும் சுற்றினால், பம்ப் கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

உயரமும் இடைவெளியும்

என் எஞ்சினில் கோளாறு இங்கேதான் இருந்தது. ஓவர்ஹாலின்போது ஹெட்டையும் பிளாக்கின் மேல்முகத்தையும் சீவியிருந்தார்கள். வி8-ல் இரண்டையும் சீவினால் நடுவிலுள்ள இன்டேக் மேனிஃபோல்டு கொஞ்சம் கீழே இறங்கி உட்காரும். என் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் அந்த மேனிஃபோல்டின் மேல் நிற்பதால் அதுவும் இறங்கும். பம்பும் நடுத்தண்டும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. நடுவில் இருந்த இடைவெளி போய்விட்டது.

முதல் இரண்டு தடவையும் நான் கவனிக்காத ஒன்றை மூன்றாவது தடவை கவனித்தேன். டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கியதும் அதன் ஃபிளாஞ்ச் (உட்காரும் விளிம்பு) மேனிஃபோல்டில் முழுதாகப் படியவில்லை. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் அடியில் தாராளமாகப் போய் வந்தது. "கேஸ்கெட் புதுசு, அமுங்கிவிடும்" என்று இரண்டு தடவை கிளாம்ப் போல்ட்டை முறுக்கியிருக்கிறேன். முறுக்க முறுக்க நடுத்தண்டு டிஸ்ட்ரிபியூட்டர் தண்டை மேலே தள்ளியிருக்கிறது. கியருக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள வாஷர் காகிதம் போல மெலிந்து நீலம் பாய்ந்திருந்தது. அந்த வாஷரை முன்பே பார்த்திருக்க வேண்டும்.

நீங்கள் சரிபார்க்க வேண்டியது இரண்டு இடைவெளிகள். ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு மேலும் கீழும் அசையும் எண்ட் பிளே. கையில் வைத்துத் தண்டைத் தூக்கி இறக்கி, கியருக்கும் உடம்புக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் விட்டு அளக்கலாம். அளவு டிஸ்ட்ரிபியூட்டருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மாறும், மேனுவலில் இருக்கும். அசைவே இல்லாவிட்டாலும் தப்பு, தடதடவென்று ஆடினாலும் தப்பு. ஷிம் என்ற மெல்லிய தகட்டு வளையம் போட்டுச் சரிசெய்யலாம்.

இன்னொன்று, டிஸ்ட்ரிபியூட்டர் முழுதாக உட்கார்ந்த நிலையில் அதன் அடிமுனைக்கும் நடுத்தண்டுக்கும் உள்ள இடைவெளி. தண்டின் அடிப்பள்ளத்தில் ஒரு பொட்டு மாடலிங் களிமண்ணை வைத்து, ஆயில் தடவி, டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கி ஃபிளாஞ்சைக் கையால் அழுத்துங்கள். கிளாம்ப் போட வேண்டாம். வெளியே எடுத்து, நசுங்கிய களிமண்ணின் தடிமனை வெர்னியரில் அளந்தால் அதுதான் இடைவெளி. ஒன்றரை மி.மீ. அளவாவது இருந்தால் எனக்கு நிம்மதி. இல்லாவிட்டால் ஃபிளாஞ்சின் கீழ் ஷிம் போட்டு உயர்த்தலாம், அல்லது சரியான நீளமுள்ள நடுத்தண்டு போடலாம். உயர்த்தும்போது கியர் பல்லின் தொடுகையும் மாறும் என்பதை மறக்காதீர்கள். களிமண்ணை முழுதாகத் துடைத்தெடுக்கவும் மறக்காதீர்கள்.

புதுக் கியர் சில சமயம் பின்னுக்கான ஓட்டை போடாமல் வரும். அதை நாம் துளைக்கும்போது உயரம் தவறினால், கோளாறை நாமே உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். ஃபிளாஞ்சிலிருந்து கியரின் அடிவரை உள்ள தூரத்தைப் பழைய கியர் இருக்கும்போதே அளந்து வையுங்கள். பழையதை வேறு யாராவது மாற்றியிருந்தால் அந்த அளவை நம்பாமல் மேனுவலைப் பாருங்கள்.

கேம் நகர்கிறதா

தட்டையான டாப்பெட் உள்ள கேமில் லோபுகள் (வால்வைத் தள்ளும் மேடுகள்) லேசான சரிவாக வெட்டப்பட்டிருப்பதால், ஓடும்போது கேம் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். ரோலர் கேமில் அந்தச் சரிவு இல்லை. அதனால் முன்னும் பின்னும் ஓடாமல் தடுக்க திரஸ்ட் பிளேட்டோ கேம் பட்டனோ வேண்டும். இதை விட்டுவிட்டு ரோலர் கேம் போட்டால் கேம் நீளவாக்கில் அலையும். பற்கள் சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு அசைவும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பும். டைமிங்கும் துள்ளும், பல்லின் இரண்டு பக்கமும் அடிபடும். டைமிங் கவரைத் திறந்திருக்கும்போது டயல் கேஜ் வைத்து கேமை முன்னும் பின்னும் தள்ளி அளந்துவிடுங்கள்.

எந்த உலோகத்துக்கு எந்த உலோகம்

வார்ப்பிரும்பு கேமுக்கு வார்ப்பிரும்புக் கியர். இது பழைய, நம்பகமான ஜோடி. எஃகில் கடைந்த ரோலர் கேமுக்கு அதே வார்ப்பிரும்புக் கியரைப் போட்டால் சீக்கிரம் அழியும். ஃபோர்டின் 5.0 லிட்டர் ஹெச்.ஓ. வி8-க்கு 1985-ல் ரோலர் கேம் வந்தது. அந்த எஃகு கேமுக்கு எஃகுக் கியர் வேண்டும். பழைய 302-ன் டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே எடுத்து மாட்டியவர்கள் நிறையப் பேர் கியரை இழந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே டிஸ்ட்ரிபியூட்டர்தான்.

எஃகு கேமுக்கு வெண்கலக் கியரும் போடுவார்கள். வெண்கலம் மென்மையானது. கேமைக் காப்பாற்றிவிட்டுத் தான் தேயும் என்பதுதான் அதன் வேலையே. அதைப் போட்டுவிட்டுத் தேய்கிறதே என்று புலம்புவதில் அர்த்தமில்லை. அவ்வப்போது கழற்றிப் பார்த்து மாற்ற வேண்டிய பொருள் அது. பந்தய வண்டிக்குச் சரி. தினமும் ஓட்டுகிற வண்டிக்கு, மேற்பரப்பைக் கடினப்படுத்திய எஃகுக் கியரையோ பாலிமர் கலவைக் கியரையோ கேம் செய்த கம்பெனி பரிந்துரைத்தால் அதைப் போடுவது என் விருப்பம்.

உங்களிடம் உள்ளது வெண்கலமா என்று காந்தம் வைத்தால் தெரியும், ஒட்டாது. வார்ப்பிரும்பையும் எஃகையும் காந்தம் பிரித்துச் சொல்லாது. அதற்கு கேமோடு வந்த கார்டைத் தேடுங்கள், இல்லை கேமின் பார்ட் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரரின் "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

எண்ணெய் அங்கே போய்ச் சேருகிறதா

பல எஞ்சின்களில் இந்தக் கியர்களுக்கென்று தனி ஆயில் வழி கிடையாது, தெறிப்பதும் வழிவதும்தான். சில டிஸ்ட்ரிபியூட்டர்களில் உடம்பின் அடிப்பட்டையில் ஒரு மெல்லிய கோடு வெட்டி, பல் சேரும் இடத்தில் ஆயில் பீச்சும்படி செய்திருப்பார்கள். அந்தக் கோடு அழுக்கில் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கோடு இல்லாத ஸ்மால் பிளாக் டிஸ்ட்ரிபியூட்டரில் முக்கால் மி.மீ. அகல ஆழத்தில் ஒன்று வெட்டிக்கொள்வது பழக்கமான வேலை. கேம் பக்கம் பார்த்திருக்கும் இடத்தில் மட்டும் வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் ஆயில் அழுத்தம் விழும். பம்ப், உயரம், உலோகம் எல்லாம் சரி என்று உறுதியான பிறகுதான் நான் அரத்தைக் கையில் எடுப்பேன்.

புதுக் கியர் போடும் நாள்

தேய்ந்த இரும்பெல்லாம் சம்ப்பில்தான் இருக்கிறது. பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் சாம்பல் நிறத் தூள் அதிகமாக இருந்தால் சம்ப்பை இறக்கிக் கழுவுவது நல்லது. பம்பின் வாயில் உள்ள வலையையும் பாருங்கள். அந்தத் தூள் மறுபடி பம்புக்குள் போனால் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவோம்.

கியரைப் புதுப் பின்னோடு பூட்டுங்கள். ஸ்மால் பிளாக் கியரில் ஒரு சின்னப் புள்ளிப் பள்ளம் இருக்கும். அது ரோட்டர் முனை பார்க்கும் திசையில் வர வேண்டும். 13 ஒற்றைப்படை என்பதால் கியரை 180 டிகிரி திருப்பிப் பூட்டினால் பற்கள் அரைப் பல் தள்ளி நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டரை எவ்வளவு திருப்பினாலும் டைமிங் வசமாக வராது.

அடுத்தது தொடுகைச் சோதனை. புதுப் பற்களில் மார்க்கிங் நீலத்தை மெல்லிய படலமாகத் தடவுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கி, கிளாம்ப்பை மாட்டி, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். வெளியே எடுத்துப் பார்த்தால், நீலம் அழிந்த தடம் பல்லின் நடுப்பகுதியில், எல்லாப் பற்களிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஓரத்தில் இருந்தால் ஷிம்மைக் கூட்டியோ குறைத்தோ மறுபடி பாருங்கள். எனக்கு நான்கு தடவை ஆனது. மூன்றாவது தடவை பொறுமை போய், "இது போதும்" என்று மூடப் பார்த்தேன், நல்லவேளை மூடவில்லை.

நீலத்தைத் துடைத்துவிட்டு, கேம் பழகுவதற்கென்று விற்கும் அசெம்பிளி லூப்பைப் பற்களில் தாராளமாகத் தடவுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கும் முன் பிரைமிங் கருவியை டிரில்லில் மாட்டி பம்பைச் சுற்றி, கேஜில் அழுத்தம் ஏறுவதைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றும் திசையிலேயே சுற்ற வேண்டும்: செவ்ரோலெட் ஸ்மால் பிளாக்கில் வலச்சுற்று, ஃபோர்டு 302-ல் இடச்சுற்று. ஸ்மால் பிளாக்கில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பே ஆயில் வழியின் ஒரு சுவர் என்பதால், வெறும் கம்பியைப் போட்டுச் சுற்றினால் ஆயில் அங்கேயே வழிந்துவிடும். உடம்பு மாதிரியே செய்த கருவி வேண்டும். டிரில் ஒரு சீராக முனகினால் நல்லது. விட்டு விட்டு இழுத்தால் பம்பை மறுபடி பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடாகும்வரை வேகத்தை ஏற்றாமல் விடுங்கள். டைமிங் லைட்டைப் பிடித்து, குறி எவ்வளவு நிலையாக நிற்கிறது என்று எழுதி வையுங்கள். 500 கிலோமீட்டர் ஓட்டியபின் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு முறை வெளியே எடுங்கள். புதிதாக ஒன்று உட்கார்ந்து பழகியிருப்பதால் மெல்லிய பளபளப்பு இருக்கும். நீலத்தில் பார்த்த அதே இடத்தில், அதே அகலத்தில் இருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு ஓட்டலாம். பல்லின் நுனி விரலில் கூராகத் தட்டுப்பட்டால் அந்தக் கியரையும் டப்பாவில் போட்டு, முதலில் எழுதிய தாளை மறுபடி எடுங்கள்.